அக்காவின் காலை எந்தப் பக்கம் நீட்டுவது?

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் என் அக்கா வீட்டு அடுப்படியில் வழுக்கி விழப் பார்த்தேன். தரையெல்லாம் ஈரம். தண்ணீரோ எண்ணெயோ இல்லை. ரத்தம்.

அக்காவுக்கே அது தெரியாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அகத்திக்கீரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்புக்கும் ஸிங்க்குக்கும் நடுவே அவள் கால் பட்ட இடமெல்லாம் சிவப்பாகப் பாதம் பதிந்திருந்தது. "அக்கா, கால்ல என்னது?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தாள். "தண்ணி கொட்டியிருக்குன்னு நினைச்சேன்டி" என்றாள். வலிக்கவே இல்லையாம். கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக, ஒரு பொட்டு அளவு இடத்திலிருந்து ரத்தம் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத் துவாதசி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் — ஏகாதசி அன்று முழுப் பட்டினி. மறுநாள் துவாதசி விடிந்ததும், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நேரத்துக்குள் சாப்பிட்டு விரதத்தை முடிக்க வேண்டும். அதற்குப் பாரணை என்று பெயர். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், புளி சேர்க்காத குழம்பு... இத்தனையும் பொழுது விடிகிற நேரத்தில் இலைக்கு வந்தாக வேண்டும். பட்டினி கிடப்பது எல்லோரும். இருட்டோடு எழுந்து குளித்து, ஈரத் தலையோடு அடுப்பு முன்னால் நிற்பது மட்டும் ஒருத்தி.

நான் ஆற்றுக்கு அக்கரையில் தென்னூர்வாசி. பட்டினியும் கிடையாது, பக்தியும் சுமார்தான். ஆனால் அக்காவின் அகத்திக்கீரைக்காக முதல் நாளே போய்த் தங்கிவிடுவேன். நான் எப்படிப்பட்டவள் என்று இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு ஹாலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேருமே படித்தவர்கள். அதுதான் பிரச்னை.

முதலில் வந்தவர் அத்திம்பேர், அக்காவின் கணவர். ஸ்கூலில் உயிரியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்த ஓட்டம்தான் அவருடைய ஸ்பெஷல். சிவப்பு சாக்பீஸில் தமனி, நீல சாக்பீஸில் சிரை, நடுவில் இரண்டையும் கோக்கிற தந்துகி வலை... போர்டில் அவர் வரைந்த இதயத்தை அழிக்க அடுத்த பீரியட் வாத்தியாருக்கு மனசே வராதாம். இது அவரே சொல்லிக்கொள்வது.

பின்னால் வந்தவர் அவருடைய தம்பி சேஷாத்ரி. பாய்லர் ஃபேக்டரியில் வால்வு செய்கிற பிரிவில் இன்ஜினீயராக இருந்தவர். காட்டூரில் வீடு. ஏகாதசி தவறாமல் அண்ணா வீட்டுக்கு வந்து தங்கிவிடுவார். பெருமாளைச் சேவிக்கத்தான் வருகிறார் என்று நாங்களும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அத்திம்பேர் காலைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது ஆர்ட்டரியா, வெயினா?" என்றார்.

யாரைக் கேட்கிறார்? எங்களைத்தான். பழக்க தோஷம். கேள்வியைக் கேட்டுவிட்டு வகுப்பு முழுக்க ஒரு சுற்றுப் பார்ப்பார். யாரும் கை தூக்காததால் அவரே பதிலும் சொன்னார். துடிப்புக்குத் துடிப்பு சீறிக்கொண்டு வந்தால் ஆர்ட்டரி. ஒரே சீராக வழிந்தால் வெயின். இது வழிகிறது. ஆகையால் வெயின்.

பதில் சரி. முழு மார்க் போட்டுவிடலாம். அதற்கப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் சிலபஸில் இல்லை போலிருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சேஷாத்ரி செயல் வீரர். ஹாலிலிருந்து நாற்காலியை இழுத்து வந்து, "மன்னி, இதுல உட்காருங்கோ" என்றார். அக்கா உட்கார்ந்தாள். கால் கீழே தொங்கியது. தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, முழங்காலுக்குக் கீழே சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். மேலேயிருந்து வருகிற லைனை அடைத்துவிட்டால் கீழே லீக் தானாக நின்றுவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மொட்டை மாடி டாங்க் குழாய் உடைந்தால் மேலே வால்வை மூடுவதில்லையா?

லீக் நிற்கவில்லை. அதிகமானது.

முதலில் சொட்டிக்கொண்டிருந்தது இப்போது கோடாக ஓடியது. முடிச்சுக்குக் கீழே காலெல்லாம் நீலமும் ஊதாவுமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. நான் அழுத்திப் பிடித்திருந்த துண்டு நனைந்துவிட்டது. சேஷாத்ரி விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று சொல்லி, முடிச்சுக்குள் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி முறுக்கப் போனார்.

"கண்ணை இருட்டிண்டு வரது" என்றாள் அக்கா. முகம் வெளுத்துவிட்டது. முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாத உடம்பு. அந்த நிலையிலும் அடுப்பை அணைத்தாச்சா என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. அம்மா போனதற்கப்புறம் எனக்கு அம்மா வீடு என்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான். இவளுக்கு ஏதாவது ஆனால் எனக்கு ஸ்ரீரங்கத்தில் இறங்க வேலையே இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ் வீட்டில் இருப்பவர் டாக்டர் ஆக்னஸ், சர்ஜன். ஞாயிற்றுக்கிழமையானால் பூசைக்குப் போய்விட்டு வருகிற வழியில் என் வீட்டில் காபி குடிப்பார். அந்த உரிமையில் போன் போட்டேன். விஷயத்தைப் பாதி சொல்லும்போதே குறுக்கே கேட்டார்: "அவங்க உட்கார்ந்திருக்காங்களா? கால் தொங்குதா?" ஆமாம் என்றேன். மேலே ஏதாவது கட்டியிருக்கிறதா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. டாக்டர்கள் திட்டுவதற்கு முன்னால் இப்படித்தான் மூச்சு வாங்குவார்கள்.

"கட்டை அவுத்து எறிங்க. தரையில படுக்க வைங்க. காலை நல்லா மேல தூக்குங்க, நெஞ்சை விட உயரமா. மடிச்ச துணியை அந்த இடத்துல வச்சு அழுத்திப் பிடிங்க. அப்புறமா இங்க கூட்டிட்டு வாங்க."

நாலு வேலை. நாலும் ஒரு நிமிஷத்துக்குள் முடிகிற வேலை. முதல் வேலையை ஒருவழியாக முடித்தேன். சேஷாத்ரி போட்ட முடிச்சு லேசில் அவிழவில்லை, கத்தரிக்கோல்தான் வேண்டியிருந்தது. அக்காவைக் கைத்தாங்கலாக ஹாலுக்குக் கொண்டுவந்தோம். படுக்க வைக்கலாம் என்று குனிந்தபோது அத்திம்பேர் கேட்டார்.

"காலை எந்தப் பக்கம் நீட்டறது?"

நியாயமான சந்தேகம்தான், ஸ்ரீரங்கத்தில். வீடு இருப்பது கோயிலுக்கு வடக்கே உள்ள வீதியில். தெற்கே காலை நீட்டினால் நேரே பெருமாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் கோயில் பக்கம் காலை நீட்டித் தூங்கியதில்லை. சரி, கிழக்கே நீட்டலாமா? அங்கே வீட்டுப் பெருமாள் அலமாரி, விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மேற்கே சுவரில் ஆசார்யன் படம். பக்கத்தில் அத்திம்பேரின் அப்பா, அம்மா படங்கள், மாலையோடு. பாக்கி வடக்கு. வடக்கே காலை நீட்டினால் தலை தெற்கே. "கட்டில்னா பரவாயில்லை, அண்ணா. வெறும் தரையில தெக்கே தலை வெச்சுக் கிடத்தினா..." என்று சேஷாத்ரி இழுத்தார். முடிக்கவில்லை. எங்கள் வீடுகளில் எந்த நிலைமையில் அப்படிக் கிடத்துவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆக நாலு திசையும் மூடியாச்சு.

அண்ணனும் தம்பியும் விவாதித்தார்கள். தென்கிழக்காகக் கொஞ்சம் சாய்த்து நீட்டினால் இரண்டுக்கும் படாமல் போகுமா என்று சேஷாத்ரி கையை நீட்டிக் கோணம் பார்த்தார். அலமாரிக்குத் திரை போட்டுவிட்டால் தோஷமில்லை என்றார் அத்திம்பேர். திரை எங்கே இருக்கிறது? அக்காவுக்குத்தான் தெரியும். அக்காவைக் கேட்டார்கள்! அவள் என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். ஹால் தரையிலும் ரத்தம் பரவ ஆரம்பித்திருந்தது.

நான் கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அக்கா பேசினாள். சத்தமாகக்கூட இல்லை.

"பெருமாள் என்னைக் கோவிச்சுக்க மாட்டார். அவரும் காலை நீட்டிண்டுதானே படுத்திண்டிருக்கார். அவரை யாரும் எழுப்பி நிக்க வெச்சு சமைக்கச் சொல்லலியே. நான் படுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே சரிந்து படுத்துவிட்டாள். கால் எந்தத் திசையில் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். மடித்த துணியை வைத்து அழுத்தினேன்.

நம்ப மாட்டீர்கள் — ரத்தம் நின்றுவிட்டது. மந்திரம் போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பொட்டு மட்டும் இருந்தது. அவ்வளவு ஆட்டம் காட்டின கால் பச்சைக் குழந்தை மாதிரி என் தோளில் கிடந்தது.

ஏன் நின்றது? பின்னால் டாக்டர் ஆக்னஸ் பொறுமையாக விளக்கினார். அதற்கப்புறம் நானும் கொஞ்சம் படித்தேன். உயிரியல் வாத்தியார் வீட்டில் பெண்ணைக் கொடுத்த குடும்பத்துக்கு இது அறுபது வயதில்தான் தெரிய வருகிறது என்றால் யாரைச் சொல்ல?

இதயம் ரத்தத்தை அடித்துத் தள்ளுகிறது. அது தமனி என்கிற பெரிய குழாயில் கிளம்பி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியை விட மெல்லிய தந்துகிகளுக்கு வந்து சேருகிறது. சந்து என்றால் அப்படி ஒரு சந்து. சிவப்பணுக்கள் அதில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக முடியும், அதுவும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு. சொர்க்கவாசல் க்யூவில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சந்தின் சுவர் ஒரே ஒரு செல் கனம். அதன் வழியாகத்தான் பிராணவாயுவும் சத்தும் வெளியே இறங்குகின்றன, கழிவு உள்ளே ஏறுகிறது. உடம்பில் உருப்படியான கொடுக்கல் வாங்கல் நடக்கும் இடம் அதுதான். இதயம் சத்தம் போட்டுப் பேர் வாங்கிக்கொள்கிறது. வேலை என்னவோ சந்துக்குள்தான்.

சந்தைத் தாண்டி வெளியே வரும்போது ரத்தத்தில் பழைய வேகம் கிடையாது. தள்ளின அழுத்தம் முக்கால்வாசி செலவாகிவிட்டது. இனிமேல் சிரை வழியாக இதயத்துக்குத் திரும்ப வேண்டும். கையிலிருந்து, தலையிலிருந்து திரும்புவது சுலபம். கணுக்காலிலிருந்து? செங்குத்தான ஏற்றம். மலைக்கோட்டை உச்சிக்குப் படியேறுகிற மாதிரி, அதுவும் தெம்பெல்லாம் போன பிறகு.

பின்னே எப்படி ஏறுகிறது? நாம் நடப்பதால் ஏறுகிறது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் கெண்டைக்கால் சதை இறுகி, உள்ளே இருக்கிற சிரையைப் பிழிகிறது. ரத்தம் கொஞ்சம் மேலே போகிறது. போனது மறுபடி இறங்கிவிடாமல் இருக்க, சிரைக்குள் அங்கங்கே சின்னச் சின்னக் கதவுகள். மேல் பக்கமாக மட்டும் திறக்கும். சேஷாத்ரி வேலைக்காலம் முழுக்க இரும்பில் செய்த அதே ஒருவழி வால்வு — இங்கே சவ்வில்.

சரி, நடக்காமல் ஒரே இடத்தில் நின்றால்? சதை பிழியாது. ரத்தம் ஏறாது. மேலே உள்ள கனமெல்லாம் கீழே உள்ள சிரையில் உட்காரும். நாள் கணக்கில் என்றால் தாங்கும். வருஷக் கணக்கில் நின்றால் சிரை தளர்ந்து அகன்றுவிடும், கதவுகள் சரியாக மூடாது. மேலே போனது கீழே வர ஆரம்பிக்கும். சிரை புடைத்துப் பாம்பு மாதிரி நெளியும். ஊரில் நரம்பு சுருட்டல் என்கிறோமே, அது இதுதான். பின்னால் தந்துகிகளிலும் நெரிசல். அங்கிருந்து நீர் கசிந்து சாயங்காலமானால் பாதம் வீங்கும். கணுக்கால் பக்கம் தோல் கறுக்கும், அரிக்கும், காகிதமாக மெலியும். கடைசியில் ஒரு நாள் இன்னொரு காலின் மெட்டி உரசினால் போதும், உடைத்துக்கொள்ளும்.

இப்போது சேஷாத்ரியின் முடிச்சுக்கு வருவோம். அக்கா காலில் வழிந்த ரத்தம் மேலேயிருந்து வந்தது இல்லை. மேலே போக முடியாமல் தேங்கி நின்றது. அது போவதற்கு இருந்த ஒரே வழியையும் இன்ஜினீயர் அங்கவஸ்திரத்தால் அடைத்துவிட்டார். தமனி ஆழத்தில் இருக்கிறது. அது பாட்டுக்கு ரத்தத்தைக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தது. வரவு உண்டு, போக்குக் கிடையாது. உடைப்பு வழியாகத்தான் அது வரும், வேறு எங்கே போகும்? சிரையில் அம்புக்குறியை மேல் நோக்கிப் போட வேண்டும், மறந்தால் ஒரு மார்க் கட் என்று காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அக்காவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, காலை என் மடியில் தலையணை போட்டு அதன் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். கார் கிளம்பவில்லை. அத்திம்பேரைக் காணோம். எட்டிப் பார்த்தால் பெருமாள் அலமாரி முன்னால் அண்ணனும் தம்பியும் கையை நீட்டித் தீர்த்தம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேரம் தப்புவதற்குள் துளசித் தீர்த்தம் சாப்பிட்டுவிட்டால் பாரணை ஆனதாகக் கணக்காம். சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதாம். இருக்கட்டும். அக்காவுக்கு அதில் ஒரு உத்தரணி, ஒரு சின்னக் கரண்டி, கொண்டுவந்து கொடுக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் நேற்றிலிருந்து விரதம் என்பதையே மறந்துவிட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

தென்னூரில் டாக்டர் ஆக்னஸ் ஒரு தையல் போட்டுக் கட்டுக் கட்டினார். பிறகு புடவையை முழங்கால் வரை உயர்த்தி இரண்டு காலையும் பார்த்தார். நானும் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கூடப் பிறந்தவளின் கெண்டைக்காலை இப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருக்கும்? கணுக்கால் வரை தழையத் தழையப் புடவை. அதற்குக் கீழே தெரிகிற பாதத்தை மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை சேவித்திருக்கிறேன். மேலே கொடி கொடியாகப் புடைத்து, கணுக்கால் இரண்டும் கறுத்து... அத்திம்பேரும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"நான் எங்க நிக்கறேன்? ஆத்துலதானே இருக்கேன்" என்றாள்.

அத்திம்பேர் உதவிக்கு வந்தார். வீட்டில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது, இரண்டு பேருக்குச் சமையல், அவ்வளவுதான் என்றார். இரண்டு பேர் என்பது இந்த வீட்டில் ஒரு பேச்சு வழக்கு. காலையில் டிகாக்ஷன், தளிகை என்கிற முழுச் சமையல், பத்து மணிக்கு மறுபடி காபி, மத்தியானம் பரிமாறல், மூணு மணிக்கு யாராவது வந்தால் ஒரு ஈடு பஜ்ஜி, சாயங்காலம் டிபன், ராத்திரி டிபன். எல்லாம் ஒரே மேடை முன்னால், ஒரே சதுர அடியில். நாற்காலி போட அங்கே இடமில்லை. மடி, ஆசாரம் என்றும் ஒரு காரணம் உண்டு. அவரும்தான் காலமெல்லாம் நின்று வேலை பார்த்தவர். ஆனால் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடம் எடுப்பார். பெல் அடித்தால் ஸ்டாஃப் ரூமில் நாற்காலி இருந்தது. அவர் கால் வழவழவென்று இருக்கிறது.

இத்தனை நாளாக நீங்கள் கவனிக்கவே இல்லையா சார் என்று டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். அத்திம்பேர் தொண்டையைச் செருமினார். வெரிகோஸ் வெயின் பற்றி டெக்ஸ்ட் புக்கில் ஒரு பாராதான் இருந்தது, அதுவும் பரீட்சைக்கு வராது என்றார்.

அப்புறம் ஸ்கேன், லேசர், இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங்ஸ் என்று ஒவ்வொன்றாக நடந்தது. காலைக் காப்பாற்றிவிட்டோம். டாக்டர் கண்டிஷனாகச் சொன்னது இரண்டு. ஒன்று, நடக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இரண்டு, மத்தியானம், சாயங்காலம் இரு வேளையும் அரை மணி நேரம் காலை உயர வைத்துப் படுக்க வேண்டும். மீறினால் அடுத்த தடவை புண்ணாகும், ஆறாது என்றார்.

நடுவில் அக்காவுக்கு ஒரு கைத்தறிப் புடவை எடுக்கலாம் என்று மலைக்கோட்டைப் பக்கம் போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் காலையே பார்த்தேன், என்ன செய்வது, புது வியாதி. பாதம் செருப்பு வாரை மீறி வீங்கியிருந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தாச்சே, ஸ்டூல் தரவில்லையா என்று கேட்டேன். "தந்திருக்காங்க மேடம்" என்று காட்டினாள். இருந்தது. மேலே ஜாக்கெட் துணி கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. சட்டப்படி உட்கார்ந்திருப்பது ஜாக்கெட் துணி. என்ன கொடுமை என்று கல்லாக்காரரைக் கேட்கலாமா என்று நினைத்தேன். அக்கா வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு புடவையை வாங்கினேன். அந்தக் கடையிலாவது ஸ்டூல் என்று ஒன்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போயிருந்தேன். ஹாலில் அமர்க்களமாக ஒரு புதுக் கட்டில். சேஷாத்ரி காட்டூரிலிருந்து வந்து, போனில் திசைகாட்டி வைத்துப் பார்த்து, கோயிலுக்கும் படாமல் அலமாரிக்கும் படாமல் ஆசார்யனுக்கும் படாமல் ஒரு கோணத்தில் அதைப் போட்டிருந்தார். கால் பக்கம் மரக்கட்டை வைத்து உயர்த்தியும் இருந்தார். இந்தத் தடவை வேலை சுத்தம், மனசார மெச்சினேன். ஆனால் கட்டில் காலியாக இருந்தது. மேலே அன்றைய பேப்பர் கிடந்தது.

அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலை விசாரிக்க அடுத்த வீதியிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி போட வேண்டுமே. டாக்டர் நிற்கக் கூடாது என்றாரே என்று அத்திம்பேரைக் கேட்டேன். "நடக்கத்தானே சொல்லியிருக்கா? அவ ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துண்டுதானே இருக்கா" என்றார். வந்தவர்களுக்குச் சிரை வால்வு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு கையையும் கூப்பி, விரித்து, விளக்கிக்கொண்டிருந்தார். நன்றாகவே விளக்கினார். அம்புக்குறிகூட மேல் நோக்கி இருந்தது.

பாதி விளக்கத்தில் அக்கா வெளியே வந்தாள். கையில் காபி இல்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மடித்துக் கீழே வைத்தாள். கட்டிலில் ஏறிப் படுத்துக் காலை மரக்கட்டைப் பக்கம் நீட்டினாள். அத்திம்பேரின் கூப்பிய கை அந்தரத்தில் நின்றது. வந்திருந்த மாமி அக்காவின் காலை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் புடவையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டாள்.

"ஏன், என்ன பண்றது? மயக்கமா?" என்று அத்திம்பேர் பதறினார். பதற்றம் நிஜம். அதைச் சொல்லியாக வேண்டும்.

"ஒண்ணுமில்லை. என் அரை மணி. டிகாக்ஷன் இறங்கியிருக்கு. பாலைக் காய்ச்சி எல்லாருக்கும் காபி கலந்துண்டு வாங்கோ" என்றாள் அக்கா.

நான் எழுந்திருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்திம்பேர் வந்தவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பால் எங்கே என்று குரல் வந்தது. உடம்பில் எந்தச் சந்து எங்கே போகிறது என்று தெரிந்தவருக்கு, பால் ஃப்ரிட்ஜில் இருக்கும் என்று தெரியவில்லை. அப்புறம் சர்க்கரை எங்கே என்று கேட்டார். லைட்டர் எங்கே என்று கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

ஒருவழியாக ஐந்து டம்ளர் காபி வந்தது. சுமாராக இல்லை, நன்றாகவே இருந்தது. அத்திம்பேர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து, குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

நின்று நின்று கால் கடுக்கிறதாம்.